அத்தோ டிரைலர் டயர் வெடிச்சதும், ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியா எடை போட்டு புது டயர் எடுத்ததும்

2024 மே மாசம், கத்திரி வெயில், மதியம் ரெண்டரை மணி இருக்கும். காரனோடை பாலம் தாண்டி தச்சூர் கூட்டு ரோடு வர்றதுக்கு முன்னாடி எங்க அக்காவோட அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடை டிரைலர்ல இடது பக்க டயர் வெடிச்சுது. கும்மிடிப்பூண்டில ஒரு கல்யாண ரிசப்ஷன் ஆர்டர், 400 பேருக்கு அத்தோ, பேஜோ, வாழைத்தண்டு சூப்பு, மசாலா முட்டை. மாமா பொலேரோ ஓட்டினாரு, நான் பக்கத்துல, அக்காவும் ரெண்டு பசங்களும் பின் சீட்டுல. வெடிச்ச சத்தம் எங்க யாருக்குமே கேக்கல, பக்கத்துல ஒரு கண்டெய்னர் லாரி போயிட்டிருந்துச்சு, ஏசி போட்டு கண்ணாடி ஏத்தியிருந்தோம். ஒரு பைக்காரர் தான் வேகமா வந்து கையை ஆட்டி ஆட்டி காமிச்சாரு. அதுக்குள்ள ஒரு அரை கிலோமீட்டராவது வெறும் ரிம்லயே இழுத்துட்டு வந்திருக்கோம்.

இத ஏன் முதல்ல சொல்றேன்னா, கார்ல டயர் போனா ஸ்டியரிங்லயே தெரிஞ்சுடும், டிரைலர்ல அது தெரியாது. இழுக்கற வண்டி பாட்டுக்கு போயிட்டே இருக்கும். அதனால டிரைலர் டயர்ல தப்பு பண்ணா அது நமக்கு தெரியறதுக்கு முன்னாடி பின்னாடி வர்றவனுக்கு தான் தெரியும், அன்னிக்கு அந்த பைக் இன்னும் கொஞ்சம் கிட்ட வந்திருந்தா அந்த ரப்பர் துண்டு அவர் மூஞ்சில தான் அடிச்சிருக்கும். அத நெனச்சா எனக்கு இன்னமும் வயித்த கலக்குது.

எறங்கி பாத்தா டயரோட மேல் பட்டை முழுசா பிச்சுக்கிட்டு போயிருந்துச்சு, கம்பி கம்பியா தொங்குது, ரிம்ம சுத்தி சைடு ரப்பர் மட்டும் வளையம் மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. சக்கரத்துக்கு மேல இருக்கற தகரம் உள்ளுக்கு வளைஞ்சு கெடந்துச்சு. ஸ்டெப்னி கிடையாது, டிரைலருக்கு ஸ்டெப்னியே வாங்கல நாங்க. ஒரு டாடா ஏஸ் புடிச்சு சாமான எல்லாம் அதுல மாத்தி அக்காவ அனுப்பிட்டு, நானும் மாமாவும் செங்குன்றத்துல ஒரு பழைய டயர் வாங்கி மாட்டி ராத்திரி தண்டையார்பேட்டைக்கு மெதுவா கொண்டு வந்து சேத்தோம். ஆர்டர் ரெண்டு மணி நேரம் லேட்டு, பேசின காசுல பாதி தான் கெடச்சுது.

டிரைலர பத்தி சொல்லிடறேன். ஒத்த ஆக்ஸில், ரெண்டு சக்கரம், பத்து அடி நீளம். 2021ல ஒரு பட்டறைல கட்டி வாங்கினது. பட்டறைக்காரங்க அன்னிக்கு மாட்டிக் குடுத்த டயரு தான் மூணு வருஷமா ஓடுச்சு. ஓடுச்சுன்னு சொல்றது கூட தப்பு, வாரத்துல அஞ்சு நாள் அது கல்மண்டபம் பக்கம் ஒரே எடத்துல நின்னு வியாபாரம், மாசத்துல ரெண்டு மூணு தடவ தான் வெளியூர் ஆர்டர். அதனால பட்டன், அதாவது ரோட்ட தொடற கட்டை கட்டையான ரப்பர், தேயவே இல்ல, கிட்டத்தட்ட புதுசு மாதிரியே இருந்துச்சு, நாங்களும் அத பாத்து தான் டயர் நல்லா இருக்குன்னு நம்பிட்டிருந்தோம்.

மறுநாள் காலைல டயர் கடை பாய் கிட்ட ரெண்டு டயரையும் கொண்டு போனேன். நாப்பது வருஷமா இந்த ஏரியாவுல டயர் கழட்டி மாட்டறவரு. கிழிஞ்ச டயர தரைல போட்டு, ஒரு ஈரத்துணியால சைடு ரப்பர தொடச்சு, "இத மொதல்ல படி தம்பி"ன்னாரு. படிச்சேன். 165/80 ஆர் 14, 85, டி. அப்புறம் ஒரு சின்ன முட்டை வடிவ கட்டத்துக்குள்ள நாலு நம்பர், 1415. அதாவது 2015ஆம் வருஷம் 14ஆவது வாரம் தயாரான டயர். வெடிச்சப்போ அதுக்கு ஒம்பது வயசு. டிரைலர் கட்டினப்பவே அது ஆறு வயசு டயர், கார்லருந்து கழட்டினத புதுசு மாதிரி கறுப்பு பாலிஷ் போட்டு மாட்டியிருக்காங்க. நாங்க யாருமே குனிஞ்சு பாக்கல. இத்தனைக்கும் நாங்க டயர் ஊர்ல வளந்தவங்க, 1946ல பொம்மை பலூன் செய்யற எடமா திருவொற்றியூர்ல ஆரம்பிச்ச மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி தான் இன்னிக்கு எம்ஆர்எஃப், எங்க தாத்தா காலத்துலருந்து தெருவுல வீட்டுக்கு ஒருத்தராவது ரப்பர், டயர், லாரின்னு இருப்பாங்க.

85ங்கறது என்னன்னு பாய் சொன்னாரு. அது எடை தாங்கற நம்பர், லோடு இண்டெக்ஸ். 85ன்னா ஒரு டயர் 515 கிலோ தாங்கும், அதுவும் டயருக்கு சொன்ன காத்து முழுசா இருந்தா தான். டிங்கறது வேகம், மணிக்கு 190 கிலோமீட்டர் வரைக்கும். எங்களுக்கு 190ல போற வேலை இல்ல, எடை தாங்கறது தான் வேலை. அந்த எடை என்னன்னு கேட்டாரு, எங்க யாருக்கும் தெரியல. "ஆயிரம் கிலோ இருக்கும் பாய்"னு மாமா குத்துமதிப்பா சொன்னாரு.

அடுத்து வலது பக்க டயர். இது வெடிக்கல, வெளிய பாத்தா ஒண்ணும் தெரியல. பாய் அத ரிம்லருந்து கழட்டி, உள்பக்கம் கைய விட்டு ஒரு சுத்து தடவி, விரல காமிச்சாரு. விரல் முழுக்க கறுப்பு தூள், நைசா மை மாதிரி. சைடு ரப்பர் உள்பக்கமா ஓயாம மடங்கி மடங்கி அரைஞ்ச தூள் அது. வெளிச்சத்துல புடிச்சு பாத்தா உள்ள சுத்தி ஒரு மடிப்புக்கோடு, வேட்டிய ரொம்ப நாள் மடிச்சு வெச்சா விழற கோடு மாதிரி. மேல் பட்டைல ஒரு எடத்துல உள்ளங்கை அளவுக்கு லேசா உப்பியிருந்துச்சு, கைல தடவினா தான் தெரியுது, உள்ள இருக்கற கம்பி பட்டை ரப்பர விட்டு பிரிய ஆரம்பிச்சிருக்கு. இன்னும் ரெண்டு வெளியூர் ட்ரிப் போயிருந்தா இதுவும் போயிருக்கும்னு சொன்னாரு.

வெடிச்ச சக்கரத்தோட ரப்பர் வால்வையும் வளைச்சு பாத்தோம், அடில சுத்தி பொடி பொடியா வெடிப்பு. சோப்பு தண்ணில வெச்சு காத்தடிச்சா சின்ன சின்னதா குமிழி விடுது. அதனால இடது டயர்ல காத்து மெதுவா எறங்கியிருக்க நெறைய வாய்ப்பு. காத்து எறங்கினா சைடு ரப்பர் அதிகமா மடங்கும், மடங்கினா சூடாகும், அந்த சூட்டுல ரப்பருக்கும் கம்பிக்கும் இருக்கற ஒட்டு விட்டுடும். கீழ தார் ரோடு வேற கொதிக்குது. மாமா ஒடனே "அப்போ வால்வு தான் காரணம், வால்வு மாத்திட்டு அதே சைஸ்ல புது டயர் போட்டுடலாம்"னாரு. எனக்கு அது சரியா படல. ஏன்னா வலது பக்க வால்வுல ஒரு குமிழி கூட வரல, காத்தும் எறங்கல, ஆனாலும் அந்த டயர் உள்ளுக்குள்ள செத்துப் போயிருந்துச்சு. அப்போ வால்வு இடது பக்கத்த சீக்கிரம் முடிச்சிருக்கு, அவ்ளோ தான். ரெண்டையும் சேத்து கெடுத்தது வேற ஒண்ணு.

அத கண்டுபுடிக்க டிரைலர எடை போட்டே ஆகணும்னு நின்னேன். கல்யாண ஆர்டருக்கு ஏத்தின மாதிரியே எல்லாத்தையும் ஏத்தினோம், ரெண்டு சிலிண்டர், ஃப்ரீசர், கல்லு, அடுப்பு, சூப்பு அண்டால தண்ணி நிரப்பி, ஆறு தண்ணி கேன், நூடுல்ஸ் மூட்டை, பாத்திரம், சேர், எதையும் விடல. அக்காவுக்கு கோவம், ஒரு நாள் வியாபாரம் போச்சுன்னு. மணலி பக்கம் கண்டெய்னர் லாரிங்க நிக்கற எடத்துல வே-பிரிட்ஜுக்கு பஞ்சமே இல்ல, அதுல ஒண்ணுல மேடையும் தரையும் ஒரே மட்டமா இருக்கறதா பாத்து போனோம். முதல்ல டிரைலர மட்டும் கழட்டி மேடைல நிறுத்தினோம், 1,360 கிலோ. அப்புறம் பொலேரோல மாட்டி, இடது சக்கரம் மட்டும் மேடைல, வலது சக்கரம் வெளிய தரைல இருக்கற மாதிரி ஓரமா ஏத்தினோம். 690. திருப்பி வந்து வலது சக்கரம் மட்டும், 550. மிச்சம் 120 கிலோ கொண்டில, அதாவது பொலேரோ மேல உக்காருது. எடை மேடைக்காரர் மூணு சீட்டு போட்டு குடுத்தாரு, சக்கரத்த தனியா எடை போட வந்த ஆள இப்போ தான் பாக்கறேன்னாரு.

அந்த சீட்டுல தான் முழு விஷயமும் இருந்துச்சு. 515 கிலோ தாங்கற டயர் மேல இடது பக்கம் 690. மூணுல ஒரு பங்கு அதிகம். வலது பக்கமும் 515ஐ தாண்டி 550. அதுவும் காத்து நாங்க வெச்சது 32 பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு), கார் கணக்குல யாரோ சொன்னத கேட்டு. மூணு வருஷமா ஒவ்வொரு வெளியூர் ட்ரிப்லயும் இது தான் நடந்திருக்கு. ரெண்டு சக்கரத்து மேலயும் வர்ற 1,240 கிலோவ ரெண்டால வகுத்து பாத்திருந்தா 620 தான் வந்திருக்கும், இந்த 690 தெரிஞ்சிருக்காது, அது சக்கரத்த தனியா மேடைல ஏத்தினதால தான் வெளிய வந்துச்சு. இடது பக்கம் ஏன் அவ்ளோன்னு யோசிச்சா, அடுப்பு, கல்லு, ரெண்டு சிலிண்டர், ஃப்ரீசர் எல்லாம் அந்த பக்கம் தான். 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர்னா கேஸ் மட்டும் 19 கிலோ, இரும்பையும் சேத்தா 35 கிலோவுக்கு மேல. தண்ணி கேன் ஆறும் அக்கா கைக்கு வாகா இருக்கட்டும்னு அதே பக்கம்.

இப்போ டயர் எடுக்கற கதைக்கு வர்றேன். ரெண்டு மூணு கடைல கேட்டோம், எல்லாரும் கேட்ட மொத கேள்வி "என்ன சைஸ்?", ரெண்டாவது கேள்வி "எந்த கம்பெனி?". எவ்ளோ எடைன்னு ஒருத்தரும் கேக்கல, பாய் தவிர. இதுல ஒரு பெரிய குழப்பம் இருக்கு, அத நல்லா புரிஞ்சுக்கணும். 165/80 ஆர் 14 ஒரு டயர், 165 ஆர் 14 எல்டி 8 பிஆர் இன்னொரு டயர். சொல்லும்போது ரெண்டுமே "165 பதினாலு" தான், கிட்டத்தட்ட ஒரே உயரம், ஒரே ரிம்ல உக்காரும். ஆனா முதல் டயர் கார் டயர், 515 கிலோ. ரெண்டாவது எல்டி, அதாவது லோடு வண்டி டயர், 97/95ன்னு போட்டிருக்கும், ஒத்த சக்கரமா மாட்டினா 730 கிலோ, லாரி பின்னாடி மாதிரி ஜோடியா மாட்டினா ஒவ்வொண்ணும் 690. 8 பிஆர்னா எட்டு அடுக்குன்னு கடைல சொல்றாங்க, அது டயருக்குள்ள பருத்தி நூல் அடுக்கு போட்ட காலத்து அளவு, இப்போ ரேடியல்ல நெசமா எட்டு அடுக்கு இருக்காது, எட்டு அடுக்குக்கு சமமான பலம்னு அர்த்தம். அந்த பலம் வேணும்னா காத்தும் 65 பிஎஸ்ஐ வெக்கணும், 32 வெச்சுட்டு 730 தாங்குன்னா தாங்காது.

மாமா 165 எல்டியே போதும்னாரு, 690க்கு 730 இருக்கேன்னு. 40 கிலோ தான் மிச்சம், ரெண்டு தண்ணி கேன் கூட ஏத்தினா தீந்துச்சு, ஒரு பள்ளத்துல எறங்கினா தீந்துச்சு, மழைக்காலத்துல எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு எப்படி இருக்கும்னு தெரியாதவங்க யாரு. செங்குன்றத்துல கெடைக்கற மாதிரி செகண்ட் ஹேண்ட் எல்டி டயர் பாதி வெலைன்னு இன்னொரு யோசனை வந்துச்சு, அத நான் பேச்சுக்கே எடுக்கல. ரீட்ரெட், அதாவது பழைய டயர் மேல புது பட்டன் ஒட்டறது, அத பத்தியும் ஒரு வார்த்தை. ஹார்பருக்கு ஓடற பெரிய டிரைலர்ல ரீட்ரெட் நல்லா ஓடுது, அது வேற, அங்க பட்டன் தான் தேயுது, டயர் உடம்பு நல்லா இருக்கும். எங்க டயர்ல பட்டன் தேயாது, உடம்பு தான் வயசாகி சாவும், அதுக்கு மேல புது பட்டன் ஒட்டி என்ன ஆகப்போகுது.

அமெரிக்கால இருக்கற பெரியம்மா பையன் கிட்டயும் கேட்டேன், அவன் குடும்பத்தோட தங்கற டிராவல் டிரைலர் வெச்சிருக்கான், கார் பின்னாடி வீட்ட இழுத்துட்டு போற மாதிரி. அங்க டிரைலருக்குன்னே எஸ்டின்னு எழுத்து போட்ட தனி டயர் வருது, சைடு ரப்பர் இன்னும் விறைப்பா இருக்கும், ஸ்டியரிங் புடிக்கற வேல அதுக்கு கிடையாது, எடை தாங்கறதும் வளையும்போது பக்கவாட்டுல இழுபடறதும் தான் வேல. அவனோட 14 இஞ்ச் எஸ்டி டயர் 50 பிஎஸ்ஐல 1,760 பவுண்டு, நம்ம கணக்குல கிட்டத்தட்ட 800 கிலோ. அவன் இன்னொண்ணும் சொன்னான், கார் டயர டிரைலர்ல மாட்டினா அங்க அந்த டயரோட எடை நம்பர 1.1ஆல வகுக்கணுமாம், அதாவது எங்க 515 அந்த கணக்குல 468 தான். எஸ்டி டயர் நல்ல டயர் தான், ஆனா அத வரவழைச்சு மாட்டிட்டு கவரப்பேட்டைல ராத்திரி பதினோரு மணிக்கு ஒண்ணு போச்சுன்னா எங்க போய் வாங்கறது? எனக்கு நம்பகமான டயர்னா அதுல பாதி, கும்மிடிப்பூண்டி போற ஜிஎன்டி ரோடு முழுக்க எந்த டயர் கடைலயும் அதே சைஸ் கெடைக்கணும்.

அதனால 185 ஆர் 14 எல்டி 8 பிஆர் எடுத்தோம். அசோக் லேலண்ட் தோஸ்து வண்டிக்கு போடற சைஸ், நம்ம ஏரியாவுல எங்க பாத்தாலும் அந்த வண்டி தான். 102/100, ஒத்த சக்கரத்துக்கு 850 கிலோ, 65 பிஎஸ்ஐல. எங்க 690க்கு 160 கிலோ மிச்சம். ஆனா ஒடனே மாட்டிட முடியாது. இந்த டயர் பழசவிட 30 மில்லிமீட்டர் உயரம், அதாவது மேல 15 மில்லிமீட்டர் கூட ஏறும், அகலமும் 20 மில்லிமீட்டர் அதிகம். முழு லோடு ஏத்தி ஸ்பிரிங் அமுங்கின நெலைல தகரத்துக்கும் டயருக்கும் எவ்ளோ எடம் இருக்குன்னு அளந்தோம், மேல மூணு விரக்கடைக்கு மேல இருந்துச்சு, உள்பக்கம் ஸ்பிரிங்குக்கும் போதுமான எடம். வெளிப்பக்கம் தகரத்தோட மடிப்பு ஒரு எடத்துல இடிக்கும் போல இருந்துச்சு, அத வெட்டி வழிச்சு விட்டோம், எப்படியும் அந்த தகரம் வளைஞ்சு தான் இருந்துச்சு.

ரிம்ம மறந்துட்டு இருந்திருப்போம், பாய் தான் நிறுத்தினாரு. கார் ரிம் கார் எடைக்கும் கார் காத்துக்கும் செஞ்சது, அதுல 65 அடிச்சு 700 கிலோ உக்கார வெச்சா அடுத்து ரிம் வெடிப்பு விடும். எங்க ஹப்போட போல்ட் ஓட்டை சரியா பொருந்தற லோடு வண்டி ரிம் மூணு தேடி புடிக்க ரெண்டு நாள் ஆச்சு. வால்வும் மாத்தினோம், சாதாரண ரப்பர் வால்வுக்கு 65 தான் உச்சமே, வெயில்ல சூடாகி காத்து ஏறினா அத தாண்டிடும், அதனால நட்டு போட்டு இறுக்கற மெட்டல் வால்வு.

டயர் வாங்கற அன்னிக்கு கடைக்காரர் முதல்ல எடுத்து வெச்சதுல ஐஎஸ்ஐ முத்திரை எல்லாம் இருந்துச்சு, தேதி பாத்தா 2022. புது டயர் தான் தம்பி, ஓடவே இல்லன்னாரு. ஓடலன்னாலும் ரப்பருக்கு வயசு போயிட்டே இருக்கும், நம்ம டிரைலர் வேற வருஷக்கணக்கா ஓடப்போறது, எனக்கு இந்த வருஷ டயர் வேணும்னு நின்னேன். ரெண்டு நாள் கழிச்சு வரவழைச்சு குடுத்தாரு, மூணும் 0924. 2024, ஒம்பதாவது வாரம். ஸ்டெப்னியோட மூணு டயர், மூணு ரிம், வால்வு, கூலி எல்லாம் சேத்து 22,000 கிட்ட ஆச்சு. அக்கா ஒரு வார்த்தை பேசாம குடுத்துச்சு.

மாட்டறதுக்கு முன்னாடி உள்ள சாமான மாத்தி வெச்சோம். இது டயர விட முக்கியம்னு எனக்கு தோணுது, ஏன்னா பெரிய டயர் போட்டாலும் ஆக்ஸிலும் ஸ்பிரிங்கும் அதே தான். தண்ணி கேன் ஆறும் வலது பக்கம் போச்சு, பாத்திர பெட்டி முன்னாடி கொண்டி பக்கம் கொஞ்சம் நகந்துச்சு. திரும்ப மணலி, திரும்ப அதே மேடை. இடது 630, வலது 600, கொண்டில 130. காசு செலவில்லாம இடது டயர் மேலருந்து 60 கிலோ எறங்குச்சு. அப்படியே பேரிங் கழட்டி புது கிரீஸ் வெச்சோம், 50 கிலோமீட்டர் ஓட்டிட்டு வீல் நட்டு எல்லாத்தையும் ஒரு தடவ இறுக்கினோம்.

காத்து 65. காலைல வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி, டயர் ஆறிக் கெடக்கும்போது, சொந்த மீட்டர்ல பாக்கறோம். வழியில சூடா இருக்கறப்போ பாத்தா 71, 72 காட்டும், 65 வெச்ச டயர்ல அஞ்சரை டிகிரி சூடு ஏறினா கிட்டத்தட்ட ஒண்ணரை பிஎஸ்ஐ ஏறும், அது அப்படி தான், பயந்து காத்த எறக்கிடக் கூடாது, ஆறினதும் கொறைஞ்சு போயிடும். முதல் ட்ரிப்ல ஒரு கஷ்டம் வந்துச்சு, டயர் விறைப்பா இருக்கறதால டிரைலர் நல்லா குலுங்குது, முட்டை ட்ரே ரெண்டு ஒடஞ்சுது, மாமா 50க்கு எறக்கலாமான்னாரு. வேணாம்னு சொல்லி முட்டைக்கு அடில பழைய மெத்தை ஸ்பாஞ்சு வெட்டி போட்டோம், அதுக்கப்புறம் ஒண்ணும் ஒடையல.

நிக்கற நாள் தான் எங்களுக்கு அதிகம், அதையும் கவனிக்க ஆரம்பிச்சோம். ரப்பர்ல வெடிப்பு விடாம இருக்க உள்ளயே ஒரு மெழுகு மாதிரி கலந்திருப்பாங்க, டயர் ஓடி மடங்க மடங்க தான் அது மேல வரும், ஒரே எடத்துல நின்னா வராது, வெயில்ல சைடு ரப்பர் பொடி பொடியா வெடிக்கும். அதனால வெயில் படற பக்கம் டயருக்கு கோணிப்பை தொங்க விடறோம். வாரம் ஒரு தடவ டிரைலர ஒரு அடி முன்ன பின்ன தள்ளி நிறுத்தறோம், ஒரே எடம் அமுங்கக் கூடாதுன்னு. காசிமேட்டு உப்புக்காத்து ரிம்ம தின்னும், டயர் உக்கார்ற ஓரத்துல துரு புடிச்சா காத்து கசியும், மூணு மாசத்துக்கு ஒரு தடவ சோப்பு தண்ணி அடிச்சு பாக்கறேன்.

இத எழுதறப்போ எட்டு மாசம் ஆச்சு, கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர், ஒரு தடவ திருவண்ணாமலை வரைக்கும் போயிட்டு வந்துடுச்சு. 60க்கு மேல ஓட்டறதில்ல. ஒவ்வொரு தடவ நிறுத்தும்போதும் நான் எறங்கி ரெண்டு டயர்லயும் ஹப்புலயும் பொறங்கைய வெச்சு பாக்கறேன், ரெண்டு பக்கமும் ஒரே சூடா இருக்கணும், ஒரு பக்கம் மட்டும் சுட்டா காத்தோ பேரிங்கோ ஏதோ இருக்கு. திருவண்ணாமலைலருந்து வந்ததும் பாய் வலது டயர கழட்டி உள்ள தடவி பாத்தாரு, விரல்ல தூசி கூட ஒட்டல.

டிரைலர் கதவு உள்பக்கம் மாமா வெள்ளை பெயின்ட்ல எழுதி வெச்சிருக்காரு: காத்து 65, இடது 630, வலது 600, டயர் 0924. அக்கா இப்போ இன்னொரு ஃப்ரீசர் வாங்கணும்னு சொல்லுது, குல்ஃபி போடலாம்னு. வாங்கு, வலது பக்கம் தான் எடம், ஏத்தின அன்னிக்கே மணலிக்கு போகணும்னு சொல்லியிருக்கேன்.